மிசூரி மாநிலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேச என்னென்ன எடுத்துக்கொள்ளலாம்?

கேள்வி இது: "கல்லூரி ஆங்கில வகுப்பில் ஆளுக்கு ஓர் அமெரிக்க மாநிலம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எனக்கு மிசூரி விழுந்தது. அங்குள்ள முக்கிய இடங்கள், புகழ்பெற்றவர்கள் பற்றி ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். தேடினால் வெறும் பெயர்ப் பட்டியல்தான் கிடைக்கிறது. நியூயார்க், கலிஃபோர்னியா என்றால் எப்படியாவது சமாளித்திருப்பேன். எதை எடுப்பது, எதை விடுவது?"

உண்மையில் உங்களுக்கு நல்ல சீட்டுதான் விழுந்திருக்கிறது. நியூயார்க் எடுத்தவர் சுதந்திர தேவி சிலையில் ஆரம்பிப்பார். அடுத்து என்ன சொல்வார் என்று வகுப்பில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். மிசூரியைப் பற்றி அங்கே உட்கார்ந்திருக்கும் யாருக்கும் எதுவும் தெரியாது. நீங்கள் சொல்வதெல்லாம் புதிது.

நான் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவன். இந்த மாதிரிப் பேச்சுகளில் வழக்கமாக நடப்பது ஒன்று உண்டு. "இன்னார் இங்கே பிறந்தார், இன்னார் அங்கே பிறந்தார்" என்று வரிசையாக ஒப்பிப்பார்கள். மூன்றாவது பெயரிலேயே வகுப்பு கைபேசியை எடுத்துவிடும். அதனால் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: இடம் இல்லாமல் ஆளைச் சொல்லாதீர்கள், அங்கே நடந்த ஒரு சம்பவம் இல்லாமல் இடத்தைச் சொல்லாதீர்கள். இந்தச் சல்லடையில் சலித்தால் பட்டியலில் பாதி தானாக உதிர்ந்துவிடும். மிச்சம் இருப்பது எளிதில் மறக்காது, அதனால் மனப்பாடமும் தேவைப்படாது.

முதலில் வரைபடத்தை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். மிசூரி அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கிறது. கிழக்கு எல்லை மிசிசிப்பி ஆறு, குறுக்கே ஓடுவது மிசூரி ஆறு. கிழக்கு ஓரத்தில் செயின்ட் லூயிஸ், மேற்கு ஓரத்தில் கன்சாஸ் சிட்டி. 1803-இல் பிரான்சிடமிருந்து ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்கா வாங்கிய பெரும் நிலப்பரப்பில் இதுவும் ஒரு பகுதி. 1804-இல் லூயிஸ், கிளார்க் என்ற இருவர் தலைமையில் ஒரு குழு செயின்ட் லூயிஸ் பக்கத்திலிருந்து மிசூரி ஆற்றில் படகேறி, பசிபிக் கடல்வரை போய்த் திரும்பியது. 1821-இல் மிசூரி 24-ஆவது மாநிலமானது. அப்புறம் மேற்கே குடியேறப் போனவர்களில் ஏராளமானோர் இந்த வழியாகத்தான் போனார்கள். அதனால்தான் செயின்ட் லூயிஸுக்கு மேற்கின் வாசல் என்ற பெயர்.

அந்த வாசலை நிஜமாகவே கட்டி வைத்திருக்கிறார்கள். கேட்வே ஆர்ச். மிசிசிப்பிக் கரையில் நிற்கும், துருப்பிடிக்காத எஃகு போர்த்திய வளைவு. உயரம் 630 அடி, இரண்டு கால்களுக்கும் இடைப்பட்ட அகலமும் அதே 630 அடி. பார்க்க அகலத்தைவிட உயரம் அதிகம் என்றுதான் தோன்றும், கண் ஏமாற்றுகிறது. இந்த அளவுகளைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், இதில் மூன்று நல்ல கதைகள் இருக்கின்றன.

முதல் கதை தந்தியைப் பற்றியது. 1947-இல் வடிவமைப்புப் போட்டி நடந்தபோது ஈரோ சாரினென் ஒரு வடிவம் அனுப்பினார். அவருடைய அப்பா எலியேல் சாரினெனும் தனியாக ஒன்று அனுப்பினார். அப்பா அப்போதே உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். இறுதிச் சுற்றுக்குத் தேர்வானதாகத் தந்தி அப்பா பெயருக்கு வந்தது, வீட்டில் கொண்டாட்டம். பிறகுதான் தவறு நடந்திருப்பது தெரிந்தது: தேர்வானது மகன். அப்பா முகம் கோணாமல் மகனுக்காக இன்னொரு ஷாம்பெயின் பாட்டிலைத் திறந்தாராம். 1948-இல் மகனே போட்டியில் வென்றார். ஆனால் 1963-இல் கட்டுமானம் தொடங்கியபோது அவர் உயிரோடு இல்லை; 1961-இலேயே இறந்துவிட்டார்.

இரண்டாவது கதை கடைசித் துண்டைப் பொருத்திய நாள், 1965 அக்டோபர் 28. இரண்டு கால்களும் தனித்தனியாக எழும்பி வந்து உச்சியில் சேர வேண்டும். வெயில் பட்ட தெற்குக் கால் சூட்டில் விரிந்துகொண்டே போனது. அப்படியே விட்டால் துண்டு பொருந்தாது. தீயணைப்புக் குழாய்களைக் கொண்டுவந்து அந்தக் காலின் மேல் தண்ணீர் பீய்ச்சிக் குளிர்வித்தார்கள். பிறகு ஜாக்கி வைத்து இரு பக்கத்தையும் விலக்கிப் பிடித்து, நடுவில் துண்டைச் செருகினார்கள். ஆபத்தான வேலை, ஆனாலும் மொத்தக் கட்டுமானத்திலும் ஒருவரும் சாகவில்லை.

மூன்றாவது, உள்ளே ஏறுவது எப்படி என்பது. வளைந்த குழாய்க்குள் சாதாரண லிஃப்ட் போகாது. பெரிய நிறுவனங்கள் தயங்கிய வேலையை, கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட டிக் பௌசர் என்பவர் எடுத்துக்கொண்டார். அவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு வாரம். லிஃப்டையும் ராட்டினத்தையும் சேர்த்த மாதிரி ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்: ஐந்து பேர் உட்காரும் குட்டிப் பெட்டிகள், எட்டுப் பெட்டிகள் ஒரு வண்டி. வளைவில் சாயச் சாய, ஒவ்வொரு பெட்டியும் திரும்பி நிமிர்ந்துகொள்ளும். உச்சிக்குப் போக நான்கு நிமிடம். இன்றும் அதே ஏற்பாடுதான்.

உங்களுக்கு வேறு எதற்கும் நேரம் இல்லை என்றாலும் இந்த மூன்றே போதும்.

ஆர்ச்சின் கால்களுக்கு நடுவே பார்த்தால் பச்சைக் குவிமாடம் போட்ட பழைய நீதிமன்றம் தெரியும். சுற்றுலாக்காரர்கள் பலர் அதன் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மிசூரியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்தக் கட்டடம்தான். ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை மனிதரை அவருடைய எஜமானரான ராணுவ மருத்துவர் அடிமைமுறை தடைசெய்யப்பட்ட பகுதிகளுக்கு அழைத்துப் போய், சில ஆண்டுகள் வைத்திருந்து, திரும்ப மிசூரிக்குக் கொண்டுவந்தார். சுதந்திர மண்ணில் வாழ்ந்தவர்கள் எப்படி மறுபடி அடிமையாக முடியும் என்று கேட்டு, 1846-இல் ஸ்காட்டும் மனைவி ஹேரியட்டும் இங்கே வழக்குப் போட்டார்கள். 1847-இல் சாட்சியத்தில் இருந்த ஒரு ஓட்டையால் தோற்றார்கள். 1850-இல் அதே கட்டடத்தில் ஜூரி அவர்களுக்கு விடுதலை கொடுத்தது. 1852-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. 1857-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களே அல்ல, வழக்குப் போடும் உரிமையே அவர்களுக்குக் கிடையாது என்றது. நான்கே ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் வெடித்ததற்கு அந்தத் தீர்ப்பு கிளப்பிய கோபமும் ஒரு காரணம்.

ஸ்காட்டுக்கு என்ன ஆனது என்று கட்டாயம் சொல்லுங்கள். அந்தத் தீர்ப்பு வந்த சில வாரங்களில் அவர் வேறு கைக்கு மாற்றப்பட்டு, முறைப்படி விடுவிக்கப்பட்டார். செயின்ட் லூயிஸில் ஒரு ஹோட்டலில் சுமை தூக்கும் வேலை செய்தார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். அவர் கல்லறைக்கு வருபவர்கள் கல்லின் மேல் ஒரு சென்ட் காசை வைத்துவிட்டுப் போகிறார்கள், லிங்கன் தலை மேலே தெரியும்படி.

செயின்ட் லூயிஸிலிருந்து ஆற்றோடு வடக்கே போனால் ஹானிபல் என்ற சிற்றூர். மார்க் ட்வைன் வளர்ந்த ஊர். அவர் பிறந்தது 1835-இல் ஃப்ளோரிடா என்ற கிராமத்தில். அது மாநிலம் இல்லை, மிசூரிக்குள்ளேயே இருக்கும் ஊர். இதை வகுப்பில் தெளிவாகச் சொல்லாவிட்டால் கேள்வி வரும். நாலு வயதில் ஹானிபலுக்கு வந்தார், பதினொரு வயதில் அப்பா இறந்தார், பிறகு அச்சகத்தில் எடுபிடி. இயற்பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். 1859-இல் மிசிசிப்பியில் நீராவிப் படகு ஓட்டும் உரிமம் வாங்கினார். படகில் ஆழம் பார்ப்பவர்கள் இரண்டு பாகம், அதாவது பன்னிரண்டு அடி தண்ணீர் இருந்தால் கொடுக்கும் குரல்தான் 'மார்க் ட்வைன்'. படகு தரை தட்டாமல் போகலாம் என்பதற்கான குரல் அது. உள்நாட்டுப் போர் வந்து படகுப் போக்குவரத்து நின்றது, ஆள் எழுத்துப் பக்கம் வந்தார். 'டாம் சாயர்' நாவலில் வரும் ஊர் இந்த ஹானிபல்தான். அவர் குடியிருந்த வீடு, அதன் பக்கத்தில் வெள்ளையடித்த மரவேலி, ஊருக்கு வெளியே குகை எல்லாம் இன்றும் இருக்கின்றன. ஜூலை 4 விழாவை ஒட்டி அங்கே பிள்ளைகளுக்கு வேலிக்கு வெள்ளையடிக்கும் போட்டி வைக்கிறார்கள். நாவலில் டாம் தன் வேலையை மற்றப் பையன்கள் தலையில் கட்டிய வேலி. இப்போது அதற்குப் பரிசு வேறு! நம் பக்கத்துக்கும் இவர் வந்திருக்கிறார் என்பதைப் போகிற போக்கில் சொல்லலாம்: கடனை அடைக்க உலகம் சுற்றி உரையாற்றிய பயணத்தில் 1896-இல் கொழும்பில் இறங்கி, பிறகு பம்பாய் போனார்.

வகுப்பைச் சிரிக்க வைக்க வேண்டுமா, 1904-க்குப் போங்கள். அந்த ஆண்டு செயின்ட் லூயிஸில் உலகக் கண்காட்சியும் ஒலிம்பிக் போட்டியும் சேர்ந்தே நடந்தன. அமெரிக்காவில் நடந்த முதல் ஒலிம்பிக் அது. ஆகஸ்ட் 30 பிற்பகல், கடும் வெயில், மண் சாலை, முன்னால் போகும் வண்டிகள் கிளப்பும் புழுதி. மாரத்தானில் 32 பேர் ஓடினார்கள், 14 பேர்தான் முடித்தார்கள். முதலில் மைதானத்துக்குள் வந்தவர் ஃப்ரெட் லோர்ஸ். கைதட்டல், ஆரவாரம். பரிசு கொடுக்கும் நேரத்தில்தான் தெரிந்தது, வழியில் சுமார் பதினொரு மைலை அவர் காரில் கடந்திருக்கிறார். உண்மையில் வென்றவர் தாமஸ் ஹிக்ஸ். அவரும் சும்மா ஓடவில்லை. உதவியாளர்கள் வழியில் அவருக்கு ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சைச் சிறிய அளவில், முட்டை வெள்ளைக்கருவோடும் பிராந்தியோடும் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். அன்று அது ஊக்க மருந்து, தடை எதுவும் இல்லை. கியூபாவிலிருந்து வந்த தபால்காரர் ஃபெலிக்ஸ் கார்வஹால் முழுக்கால் சட்டையை முட்டியளவு வெட்டிக்கொண்டு ஓடினார், வழியில் ஒரு தோட்டத்தில் ஆப்பிள் தின்று வயிறு கெட்டு நின்றார், அப்படியும் நான்காவதாக வந்தார். தென்னாப்பிரிக்காவின் ட்ஸ்வானா இனத்தவர் இருவரும் ஓடினார்கள். அவர்கள் ஊருக்கு வந்திருந்தது ஓட அல்ல, கண்காட்சியில் ஒரு நிகழ்ச்சிக்காக. அந்தக் கண்காட்சியில் பிலிப்பைன்ஸ் பழங்குடி மக்களைக் கொண்டுவந்து குடிசை போட்டு வேடிக்கைப் பொருளாக உட்கார வைத்ததும் நடந்தது. சிரித்த கையோடு இதையும் ஒரு வரி சொல்லிவிடுவது நியாயம்.

அடுத்து மேற்குப் பக்கம். கன்சாஸ் சிட்டியை ஒட்டியிருக்கும் இண்டிபெண்டன்ஸ், அதிபர் ஹாரி ட்ரூமனின் ஊர். அமெரிக்க அதிபர்களில் சாமானியர் என்று சொல்லத்தக்க ஒருவர் இவர். கல்லூரிப் பட்டம் கிடையாது. நண்பரோடு சேர்ந்து நடத்திய ஆண்கள் ஆடைக் கடை 1922-இல் நொடித்துப்போய், கடனைப் பல ஆண்டுகள் கட்டினார். 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் திடீரென இறந்ததால் அதிபரானார்; நான்கே மாதத்தில் ஹிரோஷிமா, நாகசாகி மேல் அணுகுண்டு போடும் முடிவு இவர் காலத்தில் நடந்தது. 1953-இல் பதவி முடிந்ததும் ரயிலேறி மனைவி வீட்டாரின் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டார். முன்னாள் அதிபர்களுக்கு ஓய்வூதியம் என்ற சட்டமே 1958-இல்தான் வந்தது. அவர் பெயர் நூலகமும் அருங்காட்சியகமும் அதே ஊரில் இருக்கின்றன. மேசைமேல் அவர் வைத்திருந்த பலகை புகழ்பெற்றது: "தி பக் ஸ்டாப்ஸ் ஹியர்". பொறுப்பை வேறு யார் தலையிலும் தள்ள மாட்டேன் என்று பொருள். பலகையின் பின்பக்கம், அவரைப் பார்த்தபடி இருந்த பக்கத்தில், "ஐ ஆம் ஃப்ரம் மிசூரி" என்று எழுதியிருந்தது.

அது என்ன வாசகம் என்று யாராவது கேட்டால் விளக்கம் இது. மிசூரிக்காரர்கள் வாய்ப்பேச்சை நம்ப மாட்டார்கள், கண்ணால் பார்க்க வேண்டும் என்பார்கள் என்று ஒரு பெயர் உண்டு. வண்டி நம்பர் பலகையில்கூடப் பல ஆண்டுகள் "ஷோ மீ ஸ்டேட்" என்று போட்டு வந்தார்கள். 1899-இல் வில்லர்ட் வேண்டிவர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு விருந்துப் பேச்சில் சொன்னதால் பரவியது என்பார்கள்.

ட்ரூமனோடு ஒட்டி ஃபுல்டன் என்ற சின்ன ஊரையும் சொல்லிவிடலாம். அங்கிருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரி சர்ச்சிலைப் பேச அழைத்தது. அழைப்புக் கடிதத்தின் அடியில் ட்ரூமன் தன் கையால் நாலு வரி எழுதி அனுப்பினார், சர்ச்சில் வந்துவிட்டார். 1946 மார்ச் 5 அன்று அங்கே பேசிய பேச்சில்தான் ஐரோப்பாவின் குறுக்கே "இரும்புத் திரை" விழுந்துவிட்டது என்றார், கிழக்கே சோவியத் ஆதிக்கப் பகுதி தனியாகப் பிரிந்துவிட்டது என்ற பொருளில். அதன் நினைவாக, பழைய ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோஃபர் ரென் லண்டனில் கட்டி, பின்னாளில் குண்டுவீச்சில் சிதைந்த ஒரு தேவாலயத்தைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து அந்தக் கல்லூரியில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் எல்லாப் பட்டியலிலும் இருப்பார். தென்மேற்கில் டயமண்ட் என்ற இடத்தில் அடிமையாகப் பிறந்து, குழந்தையிலேயே தாயோடு கடத்தப்பட்டு, குழந்தை மட்டும் மீட்கப்பட்டவர். பின்னாளில் வேளாண் விஞ்ஞானி. 1943-இல் அவர் பிறந்த இடம் தேசிய நினைவிடமானது, கறுப்பின அமெரிக்கர் ஒருவருக்கு அப்படி அமைந்த முதல் நினைவிடம். தயவுசெய்து அவர்தான் பீனட் பட்டரைக் கண்டுபிடித்தார் என்று சொல்லாதீர்கள். நிலக்கடலையிலிருந்து நூற்றுக்கணக்கான பொருள்கள் செய்து காட்டியவர் அவர், ஆனால் பீனட் பட்டர் அவருடையது இல்லை. அவரைப் பற்றிய பேச்சுகளில் இந்தத் தவறு அடிக்கடி வருகிறது.

இசையில் ஒரே ஒரு பெயர் போதும்: செயின்ட் லூயிஸில் பிறந்து அங்கேயே வாசித்துப் பெயரெடுத்த ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெரி. 1977-இல் விண்ணுக்குப் போன வாயேஜர் விண்கலங்களில் வைத்த, தங்க முலாம் பூசிய இசைத்தட்டில் அவருடைய 'ஜானி பி. குட்' பாட்டு இருக்கிறது. அதே தட்டில் கேசர்பாய் கேர்க்கரின் இந்துஸ்தானிப் பாட்டும் இருக்கிறது. இதைச் சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

என் சல்லடையை நானே மீறி ஒருவரைச் சேர்க்கிறேன். வானியலாளர் எட்வின் ஹபிள் 1889-இல் மார்ஷ்ஃபீல்ட் என்ற ஊரில் பிறந்தவர். சிறுவயதிலேயே போய்விட்டார், ஆய்வெல்லாம் கலிஃபோர்னியாவில். ஆனால் நாசாவின் பெரிய விண்வெளி நோக்கிகளில் ஒன்று ஹபிள், இன்னொன்று இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டன் பெயரில் இருந்தது. நோபல் வாங்கித் தந்த ஆய்வைக் காம்ப்டன் செய்தது செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில். மூன்றாவது நோக்கியின் பெயர் சந்திரா, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் பெயரில். தமிழ் மாணவர்கள் நிறைந்த வகுப்பில் இதை விடக் கூடாது.

விட வேண்டியவர்கள்: கவிஞர்கள் டி. எஸ். எலியட், மாயா ஏஞ்சலோ இருவரும் செயின்ட் லூயிஸில் பிறந்தவர்கள், ஆனால் அவர்கள் கதை வேறு ஊர்களில். ஜெஸ்ஸி ஜேம்ஸ் கொள்ளைக்காரன்; ஆரம்பித்தால் ஐந்து நிமிடமும் அவனே எடுத்துக்கொள்வான். வால்ட் டிஸ்னி சிகாகோவில் பிறந்தவர், சிறுவயதில் சில ஆண்டுகள் மிசூரியின் மார்சலீனில் இருந்தார்; அந்த ஊர்க் கடைத்தெருதான் டிஸ்னிலேண்டின் முகப்புத் தெருவுக்கு முன்மாதிரிகளில் ஒன்று. நேரம் இருந்தால் மட்டும்.

சரி, இனி உச்சரிப்பு. மிசூரியில் நடுவில் வருவது 'ச' இல்லை, 'இசட்' ஒலி. கடைசியில் 'ஈ' என்று முடிப்பதுதான் பரவலான வழக்கு; 'மிசூரா' என்று சொல்லும் உள்ளூர்க்காரர்களும் உண்டு, அரசியல்வாதிகள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்வார்கள். செயின்ட் லூயிஸ் என்பதைப் பிரெஞ்சு பாணியில் 'லூயி' என்று சொல்லி மேதாவித்தனம் காட்ட வேண்டாம். அங்கே எல்லோரும் 'லூயிஸ்'தான். வெர்சாய் என்று பிரான்சில் சொல்லும் பெயரை மிசூரியில் 'வெர்சேல்ஸ்' என்கிறார்கள். இலக்கணத்தில் ஒன்றே ஒன்றில் கவனம் வையுங்கள்: கதை சொல்லும்போது எளிய இறந்த காலம். ஆர்ச் இன்றும் நிற்கிறது, அதற்கு நிகழ்காலம். அது கட்டப்பட்டது, அதற்கு "வாஸ் பில்ட்". இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தாலே பாதி மதிப்பெண் வந்துவிடும்.

கடைசியாக, அளவு. நிதானமாகப் பேசினால் ஐந்து நிமிடத்துக்கு அறுநூறு ஆங்கிலச் சொற்கள் வரும். அதற்குள் மேலே சொன்னதெல்லாம் அடங்காது. நானாக இருந்தால் ஆர்ச், பழைய நீதிமன்றம், மாரத்தான் மூன்றையும் எடுப்பேன். மூன்றும் ஒரே ஊர், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது எளிது. இலக்கியத்தில் ஆர்வம் இருந்தால் மாரத்தானை விட்டுவிட்டு மார்க் ட்வைனை வைத்துக்கொள்ளுங்கள். ட்ரூமன், சக் பெரி, சந்திரா மூவரையும் கேள்வி நேரத்துக்குக் கையிருப்பாக வைத்திருங்கள். கேள்வி நேரத்தில் ஒன்று கட்டாயம் வரும்: கன்சாஸ் சிட்டி கன்சாஸ் மாநிலத்தில்தானே இருக்க வேண்டும்? இரண்டு மாநிலத்திலும் அதே பெயரில் ஊர் இருக்கிறது, நடுவில் மாநில எல்லை ஓடுகிறது, பெரிய ஊர் மிசூரிப் பக்கம் இருப்பது என்று பதில் சொல்லுங்கள்.